மரம் நடுவது எப்போதும் அறமா?

வெயிலில் நடப்போர்க்கு நிழல் வேண்டுமெனச் சாலையோரங்களில் ஆலமரங்களை நடச் செய்தார் அசோகர். அதைக் கல்லிலும் பொறித்து வைத்தார். கிணறு வெட்டுதல், மரம் வைத்தல், அன்னமிடுதல் ஆகியவை இந்நாட்டில் ஒரே வரிசையில் வைத்து எண்ணப்படும் புண்ணியங்கள். ஆகவே மரம் நடுவது அறமா என்று கேட்பதே வீண் எனத் தோன்றலாம். எனினும், நீலகிரியின் சதுப்பு நிலங்களில் நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சி அக்கேள்வியை எழுப்பத்தான் செய்கிறது.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றிய சூழலியல் அறிஞர் இராமன் சுகுமார், யானைகளைப் பற்றிய ஆராய்ச்சியால் உலகறிந்தவர். அவரும் உடன் ஆய்வாளர்களும் நீலகிரியின் உயர்ந்த பள்ளத்தாக்குகளிலுள்ள கரிச்சேற்றை ஆராய்ந்து, 1993-இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். நீர் தேங்கிய இடத்தில் காற்றுப் புகாமையால் செடிகொடிகள் முழுதும் மக்குவதில்லை. அடுக்கடுக்காய்ப் படிந்து கிடக்கின்றன. மரங்களும் வெப்பநிலப் புற்களும் காற்றிலிருந்து கரியை ஏற்கும் முறை வேறு. அந்த வேறுபாடு கரியின் இருவகை அணுக்களின் விகிதத்தில் பதிந்துவிடுகிறது. ஆகவே ஒவ்வோர் அடுக்கும் அக்காலத்தில் அங்கே என்ன வளர்ந்தது, மழை மிகுந்ததா குறைந்ததா என்பதைக் கூறும் ஏடாகிறது.

அந்த ஏடு ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்குப் பின்னே செல்கிறது. பனியுகத்தின் உச்சத்தில் வறட்சி நிலவிப் புல் பரந்திருந்தது. ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன் பருவமழை வலுத்தது; பின்னர் மீண்டும் வறண்டது. மலையுச்சிப் புல்வெளி, மனிதன் காட்டை அழித்ததால் உண்டான பொட்டல் அன்று. மனிதனின் கோடரிக்கு மிக முந்தியது என்பது இதனால் தெளிவாயிற்று.

இவ்வுண்மையின் கனம் எங்கே இருக்கிறது? 19-ஆம் நூற்றாண்டு முதலே அப்புல்வெளிகள் பயனற்ற வெற்றிடங்களாக எண்ணப்பட்டு, அவற்றில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த தைல மரமும் சீகை மரமும் நடப்பட்டன. நட்டவர்களைத் தீயோர் என்று சொல்லிவிட முடியாது. விறகு வேண்டியிருந்தது, தோல் பதனிடப் பட்டை வேண்டியிருந்தது, ‘வெறும் நிலத்தைப்’ பசுமையாக்குகிறோம் என்ற நிறைவும் இருந்திருக்கலாம். ஆனால் அந்த வெறும் நிலம்தான் தோதவர்களின் எருமைகளுக்கு மேய்ச்சல். அவர்களுடைய கோயில்களுக்குக் கூரை வேயும் புல்லும் சதுப்புகளில்தான் வளர்கிறது. மழையை உறிஞ்சிச் சிறுகச் சிறுக ஓடைகளுக்கு விடுவதும் அதுவே. தைல மரம் வளர்க்கப்பட்ட நீர்ப்பிடிப்பில், முதல் பத்தாண்டுகளில் நீர்வரத்து சுமார் 16 விழுக்காடு குறைந்ததாக உதகையில் நடந்த அளவீடு காட்டியது.

நல்லெண்ணம் தூயதாயிருந்தால் செயலின் விளைவுக்குப் பொறுப்பில்லை என்று சொல்லலாமா? பற்றின்றிச் செய்க என்ற போதனையைப் பலர் அவ்வாறே வசதியாகப் பொருள் கொள்கின்றனர். பலனை விரும்பாமை வேறு. பலனைப் பாராமை வேறு. நோயாளியிடம் அன்பு மிக்க மருத்துவரும் நோயை அறிந்த பிறகே மருந்து கொடுக்க வேண்டும்.

புவி வெப்பமாதலைத் தடுக்க எங்கும் மரம் நடுக என்னும் குரல் ஓங்கியுள்ள இன்று இக்கேள்வி மேலும் கூர்மையடைகிறது. புல்வெளி தன் கரியின் பெரும்பகுதியை மண்ணுக்குள் சேமிக்கிறது. காட்டுத்தீ மேற்புல்லை எரித்தாலும் அச்சேமிப்பு பெரிதும் எஞ்சுகிறது. கண்ணுக்குத் தெரியாத இச்செல்வத்தைக் கணக்கில் கொள்ளாமல் கன்றுகளின் எண்ணிக்கையை மட்டும் கூட்டிச் சொல்வது விழாவுக்கு அழகாயிருக்கும், மலைக்கு ஆகாது.

சரி, அயல் மரங்களை வெட்டிவிட்டால் தீர்ந்ததா? அதுவும் அவ்வளவு எளிதன்று. சீகையின் விதைகள் மண்ணில் பல்லாண்டு உறங்கிக் கிடந்து, நிலம் திறந்ததும் கூட்டமாய் முளைக்கின்றன. பழனி மலையில் அயல் மரங்களின் நிழலிலேயே சோலைக்காட்டுக் கன்றுகள் தலைதூக்கி வளர்வதையும் ஆய்வாளர் கண்டுள்ளனர். எங்கே வெட்டுவது, எங்கே விட்டுவைப்பது என்பதை ஒவ்வொரு சரிவாக நின்று பார்த்தே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

அவ்வாறு நின்று பார்க்கும் பொறுமைக்கு அதே அறிஞரின் மற்றொரு பணி சான்று. முதுமலையில் 50 ஹெக்டேர் காட்டை வரையறுத்து, ஒரு சென்டிமீட்டர் பருமனுள்ள தண்டு முதல் ஒவ்வொன்றையும் அளந்து எண்ணிட்டுப் பதியும் பணி 1988-இல் அவர் தலைமையில் தொடங்கிற்று. தீ இளங்கன்றுகளை அந்த ஆண்டே கொன்றுவிடுகிறது. வறட்சியோ பெரிய மரத்தை ஈராண்டு, மூவாண்டு கழித்துச் சாய்க்கிறது. ஓராண்டு மட்டும் வந்து பார்த்துப் போனவருக்கு அம்மரம் ஏன் விழுந்தது என்பது விளங்கியிராது.