விவேகி யார்?

துணிந்தவன், நிதானஸ்தன் என்று மனிதர்களைப் பிரித்து வைப்பது எங்களைப் போன்ற கதைக்காரர்களுக்குச் சௌகரியமான காரியம். கொரியர்கள் புத்தாண்டன்று குடும்பமாகக் கூடி ஆடும் 'யுட்' ஆட்டத்தின் கணக்கைப் பார்த்தபோது, அந்தப் பிரிவினை எவ்வளவு தூரம் நிற்கும் என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

சோழியோ பகடையோ அல்ல, நான்கு குச்சிகளை வீசுகிறார்கள். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. ஒன்று மட்டும் தட்டை மேலாக விழுந்தால் 'டோ', அதாவது பன்றி, ஓர் அடி. இரண்டு விழுந்தால் நாய், மூன்று ஆடு, நான்கு மாடு. நான்குமே கவிழ்ந்துகொண்டால் குதிரை, ஐந்து அடி! 29 புள்ளிகள் கொண்ட பலகையில் நான்கு காய்களைக் கரை சேர்க்க வேண்டும்.

குச்சி இரு பக்கமும் சமமாக விழுமானால் 16 வீச்சில் 6 நாய்; மாடும் குதிரையும் ஒவ்வொன்றுதான். ஆனால் பாதி உருண்டையான குச்சி, நாணயம் அல்லவே! தட்டைப் பக்கம் நூற்றுக்கு 60 முறை மேலே வருவதாக வைத்துக்கொண்டால் நாயும் ஆடும் 35 வீதம் சமமாகிவிடுகின்றன. மாடு 13-க்கு ஏறிவிடுகிறது. எதிரிக்கு நான்கு அடி முன்னால் நிம்மதியாக நின்றவனுடைய நிம்மதி அவ்வளவுதான்.

ஒரே புள்ளியில் சேர்ந்த இரண்டு காய்களை ஒன்றாக ஏற்றிக்கொண்டு போகலாம். வேகம் இரட்டிப்பு, வெட்டுப்பட்டாலோ இரண்டும் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். எதிரி இரண்டடி பின்னால் நிற்கிறான் என்றால் ஆபத்து மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். முன்னணியில் இருப்பவன் இதைச் செய்தால் அசடு. எதிரிக்கு மூன்று காய்கள் கரையேறிவிட்ட பிறகு, பின்தங்கியவன் இதைச் செய்யாவிட்டால்தான் அசடு. தனித்தனியாக நடந்தால் அவன் தோற்பது ஏறக்குறைய நிச்சயம். காரியம் ஒன்றே, இடம்தான் வேறு. நிதானத்தைப் பற்றி உபதேசம் செய்கிறவர்கள் பெரும்பாலும் மூன்று காய்களைக் கரையேற்றியவர்களாக இருப்பது தற்செயல் அல்ல என்று இப்போது தோன்றுகிறது.

அப்படியானால் கடைசி நிலத்தையும் அடகு வைத்துக் குதிரைப் பந்தயத்துக்குப் போகிறவன் விவேகியா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தோற்கிறவர்கள் எல்லோரும் தங்கள் நிலைமை உண்மையில் உள்ளதைவிட மோசம் என்றே எண்ணுகிறார்கள். கணக்கு அதற்குப் பொறுப்பல்ல. இன்னொன்றும் உண்டு. யுட்டைப் பெரும்பாலும் கட்சி கட்டித்தான் ஆடுகிறார்கள். எத்தனை காய் போகும் என்று கணக்குச் சொல்லும். அது யார் யாருடைய காய் என்று கேட்காது. ஏற்றிக்கொண்டு போகிறவன் அண்ணன். வெட்டுப்பட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்குவது தங்கையும் தாத்தாவும் சேர்ந்து. வெட்டியவனுக்கோ இன்னொரு வீச்சும் கிடைக்கிறது.