சிவப்புக் கிளிப்பும் இடுகுறிப் பெயரும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை தாண்டி மூச்சிரைக்க ஏறிவரும் ஏ4 வீதி, பெரகலயில் ஒரு துணையைப் பெறுகிறது. ஏ4 தன் போக்கில் கொஸ்லந்தை, வெல்லவாய என்று இறங்கிவிட, அங்கே பிறக்கும் ஏ16 அப்புத்தளை, பண்டாரவளை வழியாக ஹாலிஎலைக்குப் போகிறது. மூடுபனி இறங்கிய ஒரு மாலையில் இந்தச் சந்தியோரம் பழைய மொரிஸ் மைனர் கார் ஒன்று, முன்சக்கரம் அமுங்கி நிற்பதாக வைத்துக்கொள்வோம்.

சாரதிக்குப் பெரிய கவலை இல்லை. டிக்கிக்குள் காற்றடிக்கும் சின்ன மெஷின் ஒன்று கிடக்கிறது. மெஷினின் வயர் முனையில் சிகரெட் லைட்டர் துளைக்கான பிளக். அந்தக் காலத்து மைனரில் அப்படி ஒரு துளை இல்லை. பரவாயில்லை, பற்றரியில் நேரே மாட்ட இரண்டு கிளிப்புகளும் பெட்டியில் உண்டு. சிவப்பு பிளஸுக்கு, கறுப்பு மைனஸுக்கு. பொனட்டைத் தூக்கியதும்தான் கை தயங்குகிறது. இன்றைய வண்டிகளில் மைனஸ் முனைதான் வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். இங்கே தலைகீழ்: பிளஸ் முனையிலிருந்து புறப்படும் தடித்த வயர் நேராகப் போய் இரும்பு உடலில் முறுக்கப்பட்டிருக்கிறது.

அப்படியானால் எது பிளஸ்? முனையில் பொறித்த குறியா, அது போய்ச் சேரும் இடமா? இந்தியத் தத்துவ மரபுகள் இதையே வேறு சொற்களில் நூற்றாண்டுக் கணக்கில் விவாதித்தன. பெயர் பொருளுக்குள்ளேயே இருக்கிறதா, மனிதர் இட்டதா?

முதலில் வண்டியின் கதை. 1930களின் நடுப்பகுதியிலிருந்து 1960களின் பிற்பகுதிவரை பிரிட்டிஷ் கார்களில் மிகப் பல பிளஸ் முனையை உடலோடு இணைத்தே வெளிவந்தன. ஸ்பார்க் பிளக்கில் தீப்பொறி சுலபமாகப் பாயும், அரிப்பு குறையும் என்றெல்லாம் அன்று காரணம் சொன்னார்கள். பிறகு ஆல்டர்னேட்டரும் டிரான்சிஸ்டர் வானொலியும் வந்தன. உலகம் முழுவதும் மைனஸை உடலோடு இணைக்கும் வழக்கம் ஊன்றியது. இலங்கையிலோ 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி இறுகிவிட்டது. ஓடிய வண்டிகளையே திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். அதனால் வேறு நாடுகளில் காட்சிப்பொருளாகிவிட்ட மைனர், இங்கே நெடுங்காலம் சந்தைக்கும் கோயிலுக்கும் போய்வந்தது.

பிளஸ், மைனஸ் என்ற பெயர்களோ இன்னும் பழையவை. 1747இல் பெஞ்சமின் பிராங்கிளின், தேய்த்த கண்ணாடியில் ஏதோ ஒரு மின்திரவம் கூடுகிறது என்று ஊகித்து, கூடிய பக்கத்தைப் பிளஸ் என்றார். 1897இல் ஜே. ஜே. தாம்சன் எலெக்ட்ரானைக் கண்டறிந்தார். அதன் பிறகுதான் கம்பிக்குள் உண்மையில் நகர்பவை மைனஸ் பக்கத்திலிருந்து பிளஸ் பக்கத்துக்குப் போகின்றன என்று தெளிவாயிற்று. பிராங்கிளின் ஊகம் தலைகீழ். ஆனால் அதற்குள் 150 ஆண்டுப் பழக்கம். பாடப்புத்தகங்கள் இன்றும் பிளஸிலிருந்து மைனஸுக்கே அம்புக்குறி போடுகின்றன, கணக்கும் பிசகுவதில்லை.

நன்னூல் படித்தவர் இதைக் கேட்டால் சிரிப்பார். அதில் பவணந்தி முனிவர் பெயர்களை இடுகுறி, காரணம் என்று பிரித்துக் காட்டியிருக்கிறார். மரம் என்பதற்குக் காரணம் கேட்க முடியாது. பறவை என்பதற்குக் கேட்கலாம். இரண்டுக்கும் நடுவே ஒரு வகையை உரைகாரர்கள் சேர்த்தார்கள்: காரண இடுகுறி. கறங்கு என்றால் சுழல்வது. சுழல்வது காரின் சக்கரமும்தான். இருந்தும் அந்தப் பெயர் காற்றாடிக்கே ஒட்டிக்கொண்டது. உடலோடு இணைப்பதைக் குறிக்கும் ‘எர்த்’ என்ற கராஜ் சொல்லும் இந்த வகைதான். எர்த் என்றால் நிலம். ஆனால் காரின் உடலுக்கும் நிலத்துக்கும் நடுவே நான்கு ரப்பர் டயர்கள் இருக்கின்றன. நிலத்தைத் தொடாத ஒன்றுக்கு நிலம் என்று பெயர்.

பெயருக்கும் பொருளுக்கும் உள்ள உறவு பிறவியிலேயே அமைந்தது, யாரும் இட்டதல்ல என்றார்கள் மீமாம்சகர்கள். வேதச் சொல்லின் அதிகாரத்தைக் காக்க அவர்களுக்கு அது தேவைப்பட்டது. நியாய சூத்திரம் இதற்குச் சொன்ன மறுப்பு இன்றைக்கும் சுவையானது. சொல்லுக்குள்ளே பொருள் இருந்தால், சோறு என்றதும் வாய் நிறைய வேண்டும். நெருப்பு என்றதும் நாக்கு சுட வேண்டும். வாள் என்றதும் உதடு அறுபட வேண்டும். அப்படி எதுவும் நடப்பதில்லை. ஆகவே பெயர் என்பது உடன்பாடு. ஊருக்கு ஊர் மக்களுக்கு மக்கள் சொல் மாறுவதும் அதனால்தான்.

மூன்றாவது குரல் பௌத்தருடையது. காஞ்சிக்கு அருகே பிறந்தவர் என்று மரபு கூறும் திக்நாகர், ஒரு சொல் தன் பொருளை நேராகச் சுட்டுவதில்லை என்றார். பசு என்ற சொல் செய்வதெல்லாம் பசு அல்லாதவற்றை விலக்குவதுதான். அபோகம் என்று பெயர் பெற்ற இந்தக் கொள்கை பசுவுக்குப் பொருந்துமா என்று பலர் சண்டை பிடித்தார்கள். பற்றரிக்கு அது அச்சில் வார்த்ததுபோல் பொருந்துகிறது. பிளஸ் என்பதற்கு மைனஸ் அல்லாதது என்பதைத் தவிர வேறு என்ன பொருள் சொல்ல முடியும்?

மிலிந்த மன்னனிடம் பௌத்தத் துறவி நாகசேனர் தேரை வைத்துக் கேட்ட கேள்வியும் இலங்கையில் பலருக்குப் பழக்கமானது. அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா? எதுவும் இல்லை, எல்லாம் சேர்ந்த இடத்தில் ‘தேர்’ என்று ஒரு பெயர் வழங்குகிறது. என்ஜின் ஒன்றிலிருந்தும் கதவு இன்னொன்றிலிருந்தும் வந்த மைனருக்கும் அதே நிலைதான்.

மலையகத்துத் தேயிலைத் தோட்டத்துச் சனங்கள் இந்த ஒட்டுவேலையைச் சாமிக்கே செய்தவர்கள். தேயிலைத் தொழிற்சாலைச் சக்கரத்தைக் காக்கும் தெய்வத்துக்கு ரோதமுனி என்று பெயரிட்டார்கள். ரோத போர்த்துக்கேயச் சொல். இந்தத் தீவில் தங்கித் தமிழுக்குள்ளும் புழங்கியது. முனி தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து கூடவே நடந்துவந்தவர். இரண்டு ஊர் உதிரிப்பாகங்களைப் பூட்டி உண்டான பெயருக்கு முன்னால் கும்பிட்ட கை, அது இடுகுறியா காரணமா என்று கேட்கவில்லை.

ஆனால் நியாயக்காரரின் வாதத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. நெருப்பு என்ற சொல் சுடாது, சரி. சொல் ஓர் இணைப்பில் மாட்டப்பட்டால்? மைனரின் டேஷ்போர்டில் பிற்காலத்தில் யாரோ ஒரு லைட்டர் துளை பொருத்தியிருந்தால், துளையின் வெளிவளையம் உடலைத் தொட்டு பிளஸ் ஆகிவிடும். நடு ஊசி மைனஸ் ஆகும். மெஷின் எதிர்பார்ப்பது நேர்மாறு. வெறும் மோட்டார் மட்டும் உள்ள பழைய மாதிரி என்றால் தலைகீழாகச் சுற்றி, அப்படியும் காற்று அடித்துவிடும். மோட்டார் எந்தப் பக்கம் சுற்றினாலும் பிஸ்டன் மேலும் கீழும்தானே போகிறது. டிஜிட்டல் அளவி உள்ள மெஷின் என்றால் புகையலாம். பெயர் நாம் இட்டதுதான். அது குறிக்கும் வேறுபாடு நாம் இட்டதல்ல.

இணைப்பில் மாட்டிய சொல் மனிதரையும் சுடும். மொரிஸ் மைனர் 1948 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் முதன்முதலாக வெளிவந்தது. அடுத்த மாதம் 15ஆம் திகதி இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தகப்பன் இந்த மண்ணில் பிறந்ததற்கு அத்தாட்சி காட்டு என்றது சட்டம். தோட்டத்து லயத்தில் பிறந்து லயத்தில் செத்தவர்களுக்கு அத்தாட்சி எங்கே இருந்தது? ‘இந்தியர்’ என்ற பெயர் ஒரு வெறும் சொல்தான். அது பட்டியலில் ஏறியதும் வாக்கும் நாடும் போயின. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளியினர் 975,000 பேரைக் கணக்கில் எடுத்து, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எழுதியது. மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று வைத்தது. எஞ்சியவர்களின் பிரஜாவுரிமைக்காக 2003இல்கூட ஒரு சட்டம் வேண்டியிருந்தது. 2012 குடிசன மதிப்பீட்டிலும் அவர்கள் ‘இந்தியத் தமிழர்’. 2023இல் தோட்டங்களுக்கு வந்த இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தவர்கள் தங்களைச் சொல்லிக்கொண்ட பெயரோ மலையகத் தமிழர். இரண்டுமே காரணப்பெயர்கள்தாம். ஒன்று புறப்பட்ட இடத்தைக் காரணமாக்குகிறது, மற்றது வேர்விட்ட இடத்தை. எந்தக் காரணத்தை எடுப்பது என்பதை நன்னூல் தீர்த்துவைக்காது.

பெரகலச் சந்தியில் சாரதி இன்னும் பொனட்டுக்குள் குனிந்துதான் நிற்கிறார். தடித்த வயரை விரலால் தடவிக்கொண்டே போய், அது உடலில் முடிகிற இடத்தைப் பார்க்கிறார். திரும்பிவந்து பற்றரி முனைகளில் பொறித்த குறியைத் துணியால் துடைத்துப் பார்க்கிறார். சிவப்புக் கிளிப் பிளஸில், கறுப்பு மைனஸில். உடல் எதோடு சேர்ந்திருந்தாலும் மெஷினுக்கு அக்கறை இல்லை. உலோகம் எதுவும் வண்டியில் உரசாதபடி மெஷினை ஒரு ரப்பர் விரிப்பின்மேல் தரையில் வைக்கிறார். சின்ன மெஷின்கூட 10 அம்பியர் அளவுக்கு இழுக்கலாம். பழைய லூகாஸ் டைனமோ முழு வேகத்தில் தருவதே 20 அம்பியர் அளவுதான்; என்ஜின் மெதுவாக ஓடும்போது அது அநேகமாக ஒன்றுமே தராது. அதனால் வண்டிக்குள் ஒருவர் இருந்து, டேஷ்போர்டின் சிவப்பு விளக்கு அணையும்வரை அக்சிலரேட்டரை மிதித்துப் பிடிக்க வேண்டும்.

மெஷின் கடகடவென்று அதிர்கிறது. அளவியின் முள் 10, 15, 18 என்று ஏறுகிறது. வெல்லவாயவுக்கு இறங்கும் பஸ் ஒன்று பனிக்குள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போகிறது. முள் 22இல் வந்து நிற்க, சாரதி முதலில் கறுப்புக் கிளிப்பைக் கழற்றுகிறார்.