நோக்கத்தின் தூய்மை

மருத்துவம் பயில விரும்பும் மாணவனிடம் காரணம் கேட்டால், "மக்களுக்குத் தொண்டு செய்ய" என்னும் விடையே பெரும்பாலும் வரும். தேர்வுத்தாளில் எழுதத்தக்க விடைதான். ஆயினும், கொள்ளைநோய்க்கு அஞ்சி ஊரே ஓடுகையில், அந்நோயைத் தேடி ஒருவன் எதிர்த்திசையில் நடப்பதற்கு இவ்வொரு சொல் போதுமா? அவன் உள்ளத்தில் புகழாசையும் மனக்காயமும் கலந்திருந்தால் தொண்டின் மதிப்புக் குறைந்துவிடுமா?

பினாங்கில் 1879ஆம் ஆண்டு ஒரு சீனப் பொற்கொல்லரின் மகனாகப் பிறந்த டாக்டர் ஊ லியன் தே அவர்களின் வாழ்க்கை இவ்வினாவை எழுப்புகிறது. பினாங்கு பிரீ ஸ்கூலில் பயின்று, மகாராணியார் உபகாரச் சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்று மருத்துவரானார். தாயகம் திரும்பியவருக்கோ, ஐரோப்பியர் அல்லாதவர் என்பதனால், குடியேற்ற அரசின் மருத்துவப் பணியில் உயர்பதவிக் கதவு அடைத்தே இருந்தது. ஜோர்ஜ்டவுனில் சொந்தமாக மருத்துவம் பார்த்தார்; அபின் பழக்கத்தை எதிர்த்து இயக்கம் நடத்தினார். அபின் வருவாயில் கொழித்த அரசும் வணிகரும் இதனை எங்ஙனம் பொறுப்பர்? 1907இல் அவருடைய மருந்தகத்தில் உரிமமின்றி அபின் கரைசல் இருந்ததாக வழக்கு எழுந்தது, அபராதமும் விதிக்கப்பட்டது. அபினை எதிர்த்தவருக்கே அபின் குற்றம்! 1908இல் சீனாவின் அழைப்பை ஏற்றுத் தியான்ஜின் இராணுவ மருத்துவக் கல்லூரிக்குச் சென்றார். தொண்டுள்ளம் அழைத்தது என்பதைப் போலவே, அவமானம் துரத்தியது என்பதும் பிழையாகாது.

1910 டிசம்பரில் மஞ்சூரியாவின் ஹார்பின் நகரில் பிளேக் நோய் மக்களை வாரிக்கொண்டு சென்றபோது, முப்பத்தோரு வயதினரான அவரை அரசு அங்கு அனுப்பியது. எலியும் தெள்ளுப்பூச்சியுமே பிளேக்கைப் பரப்பும் என்பது அன்றைய அறிஞர் கொள்கை. இறந்த ஒரு ஜப்பானியப் பெண்மணியின் உடலை, வழக்கத்துக்கு மாறாக, மறைவாக அறுத்துப் பார்த்த ஊ லியன் தே, அந்நோய் நுரையீரலைப் பற்றி மூச்சுவழியே மனிதரிடமிருந்து மனிதருக்குத் தாவுவதைத் தெளிந்தார். பஞ்சும் வலைத்துணியும் கொண்ட முகத்திரையை அனைவரும் அணியச் சொன்னார். அனுபவம் மிக்க பிரெஞ்சு மருத்துவர் மெனி இதனை ஏற்கவில்லை. முகத்திரையின்றியே நோயாளிகளைச் சோதித்தார். சில நாள்களில் அந்நோய்க்கே இரையானார். மெனியின் துணிவையும் தொண்டுள்ளத்தையும் யார் ஐயுறுவார்? நோக்கத்தின் தூய்மை ஒருவனை நோயாளியின் கட்டில்வரை கொண்டுசேர்க்கும். அங்கே வேண்டுவது வேறொன்று: கண்ட உண்மை கற்ற கொள்கையை மறுக்கும்போது, கற்றதை விட்டுக்கொடுக்கும் பணிவு.

அதனினும் கடுமையான சோதனை ஒன்று இருந்தது. உறைந்துபோன நிலத்தில் குழி தோண்ட இயலாமல், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிணங்கள் இடுகாட்டில் கிடந்தன. எரித்தாலன்றி நோய் தீராது. நம்மவருக்கு எரியூட்டல் இயல்பான கடன்; முன்னோரை மண்ணிலிட்டு வழிபடும் சீனருக்கோ அது பொறுக்கலாகாத இழிவு. ஊ லியன் தே அந்த மரபில் வந்தவரே. நாள்தோறும் மக்கள் மடிந்துகொண்டிருந்தும், அவர் தாமாகத் தீ மூட்டவில்லை. பேரரசின் இசைவை வேண்டிக் காத்திருந்தார். அது கிடைத்தபின், 1911 சனவரி இறுதியில், சீனப் புத்தாண்டு நாள்களில், பிணங்கள் எரிந்தன. அந்தக் காத்திருப்பைத் தயக்கம் என்று குறைகூறுவார் உளர். பிறருடைய இறந்தோர்மேல் கைவைக்கும் உரிமை அறிவினால் மட்டும் வந்துவிடாது என்று அவர் உணர்ந்ததாகவே கொள்ளுதல் பொருந்தும். ஆயினும் எரிந்த உடல்களின் உறவினர் அன்று பட்ட துயரை எந்த இசைவும் துடைத்திராது.

மார்ச்சு முதல் நாளோடு ஹார்பினில் நோய் நின்றது. அதற்குள் மஞ்சூரியாவில் ஏறத்தாழ 60,000 பேர் மாண்டிருந்தனர். 1937இல் மலாயா திரும்பிய அவர், ஈப்போவில் அன்றாட நோயாளிகளைப் பார்த்துவந்தார். 1960 சனவரி 21ஆம் நாள் பினாங்கில் மறைந்தார். அதற்கு முந்திய ஆண்டு வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில், ஹார்பின் வெற்றியோடு அந்தப் பழைய அபின் வழக்கையும் அவர் எழுதாமல் விடவில்லை.