ஈர வண்ணமும் சிற்றுயிரும்

ஆரணியில் கமண்டல நாகநதிக் கரையில் நின்று எண்ணெய் வண்ணத்தால் நீர்க்காட்சி தீட்டுவது ஹிம்சையாகுமா? கேள்வி வேடிக்கையானதன்று. ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணம் காயப் பல நாட்களாகும். அதில் அமரும் சிறுபூச்சி பெரும்பாலும் மீள்வதில்லை. நான்கு ஓவியங்களிலிருந்து நூறு ஈக்களுக்கு மேல் அகற்றியதாக ஓவியர் வான்கோ 1885-இல் தம் தம்பிக்கு எழுதினார். 1889-இல் அவர் தீட்டிய ஒலிவ மர ஓவியம் ஒன்றில் வெட்டுக்கிளி புதைந்திருப்பதை அமெரிக்காவின் நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்தார் 2017-இல் அறிவித்தனர். அது துடித்த சுவடு வண்ணத்தில் இல்லை. முன்பே இறந்தது வந்து ஒட்டியதாம்.

வெட்டுக்கிளியின் பொருட்டு ஓவியரைக் குறை கூற இயலாது. ஈக்கள்? கொல்லும் எண்ணமில்லை, ஆதலின் ஸங்கல்ப ஹிம்சையன்று. ஆயினும் தத்துவார்த்த சூத்திரத்தில் உமாஸ்வாமி ஆசாரியர் ஹிம்சைக்கு வகுத்த இலக்கணம், பிரமாதம் எனும் விழிப்பின்மையையே முதற்கண் வைக்கிறது. நூறு ஈக்களைக் கண்டவருக்கு நூற்றோராவது ஈ தற்செயலன்று.

பட்டுக்கூட்டைப் புழுவோடு வேகவைத்தெடுத்த நூலால் வாழும் ஊரில் ஈயைப் பற்றிப் பேச்சா என நகைப்போர் உளர். நெசவு வயிற்றுப் பாடு. அதன் வழக்கு வேறு, கடினமானதும்கூட. ஓவியமோ பலர்க்கு ஓய்வுநேர மகிழ்ச்சி. சாக்குச் சொல்ல இடம் குறைவு.

அந்தி ஒளியில் நீர் அழகுறும். பூச்சிகள் மிகுவதும் அப்பொழுதே. நாம் இரவுண்ணாமை மேற்கொண்ட காரணமும் அதுவன்றோ? கரையில் விரைவில் உலரும் நீர்வண்ணத்தால் குறிப்பெடுத்துக்கொண்டு, எண்ணெய் வேலையை வலையடித்த அறைக்குள் முடிக்கலாம். சித்தன்னவாசலின் தாமரைக் குளமும் குகைக்குள் தீட்டப்பெற்றதே.