ரொட்டியின் ஆயுள் ஒரு நாள்

2003இல் லண்டனில் வேலை பார்த்துவந்த அமெரிக்கரான கேத்லீன் ஃப்ளின் விடுமுறை முடிந்து திரும்பியபோது, அவருடைய பதவியையே நிறுவனம் எடுத்துவிட்டிருந்தது. வயது 36. உடனே வேறு வேலை தேடிக்கொள், இல்லையென்றால் இனி ஒருவரும் உன்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்றார் அம்மா. மகள் கேட்கவில்லை. சேமிப்பை வழித்தெடுத்துக்கொண்டு பாரிஸுக்குப் போய், 1895இல் தொடங்கிய லெ கார்டன் ப்ளூ சமையல் பள்ளியில் சேர்ந்தார். 2007இல் அந்த அனுபவத்தைப் புத்தகமாகவும் எழுதினார்.

வேலையை விட்டவர் யார், வேலையால் விடப்பட்டவர் யார் என்று இத்தகைய கதைகளில் பிரித்துப் பார்ப்பது கடினம். அலுவலகத்தை விட்டு அடுப்படிக்குப் போவது பிரான்ஸிலேயே ஒரு போக்காகிவிட்டது. பெரிய படிப்புப் படித்து நிர்வாக வேலைக்குப் போனவர்கள், பள்ளிப் பிள்ளைகள் கைத்தொழிலுக்காக எழுதும் சான்றிதழ்த் தேர்வை எழுதி, ரொட்டி சுடவும் சமைக்கவும் போவதைப் பற்றி ழான்-லோரான் கஸ்லி 2017இல் ஒரு நூல் எழுதினார். வகுப்பில் முதலிடம் வாங்கியவர்களின் கலகம் என்பது அதன் தலைப்பு. கலகக்காரர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: நாளெல்லாம் உழைத்தும், என்ன செய்தோம் என்று காட்டக் கையில் ஒன்றுமில்லை.

சமையலில் மட்டும் என்ன இருக்கிறது? தத்துவத்திடம் போனால் ஆறுதல் கிடைக்காது. பிளேட்டோவின் ‘கோர்கியாஸ்’ உரையாடலில் சாக்ரடீஸ் சமையலைக் கலை என்றே ஒப்புவதில்லை. அது பழக்கத்தால் வரும் சாமர்த்தியம், நாக்குக்குச் செய்யும் முகஸ்துதி. மருத்துவரையும் சமையல்காரரையும் சிறுவர்கள் முன் நிறுத்தி எவருக்கு உணவைப் பற்றித் தெரியும் என்று கேட்டால், மருத்துவர் பட்டினி கிடந்தே சாவார் என்கிறார்.

ஹன்னா அரெண்ட் 1958இல் எழுதிய ‘மனித நிலை’ இன்னும் நேராகத் தாக்குகிறது. உடனே தின்று தீர்வதை உண்டாக்கும் உழைப்பு வேறு, உலகில் நிலைத்து நிற்பதை உண்டாக்கும் ஆக்கம் வேறு என்று அவர் பிரிக்கிறார். மேசை பல தலைமுறை நிற்கும். ரொட்டியின் ஆயுள் ஒரு நாள். இந்தக் கணக்கில், கண்ணுக்குத் தெரியும் பயனைத் தேடி அலுவலகத்தை விட்டவர் வந்து சேர்ந்த இடம் விசித்திரமானது. காலையிலிருந்து கொதிக்கவைத்து வடித்த சாறு பத்து நிமிடத்தில் தட்டோடு வழிக்கப்பட்டுவிடும். அவர் விட்டுவந்த எக்செல் கோப்போ யாரும் திறக்காவிட்டாலும் சர்வரில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

ஆகவே அவர்கள் தேடுவது நிலைப்பு அல்ல, தீர்ப்பு என்றுதான் தோன்றுகிறது. இரண்டாம் உலகப் போரின்போது கண்டியில் அமெரிக்க உளவு அமைப்பின் கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர், பின்னாளில் சமையல் நூல்களால் புகழ்பெற்ற ஜூலியா சைல்ட். கணவரைச் சந்தித்ததும் இலங்கையில்தான். 1949இல் அவர் லெ கார்டன் ப்ளூவில் சேர்ந்தார். உடன் படித்தவர்கள் முன்னாள் ராணுவ வீரர்கள். தனக்கு முட்டை கிளறத் தெரியும் என்று நினைத்திருந்தார். ஆசிரியர் மாக்ஸ் புய்ன்யார் பார்த்துவிட்டு, முற்றிலும் தவறு என்று சொல்லி மெல்லிய சூட்டில் மெதுவாகக் கிளறிக் காட்டினார். சான்றிதழ்த் தேர்விலும் முதல்முறை தோல்வி.

அலுவலகத்தில் தவறு நேர்ந்தால் அதை இன்னொரு கூட்டத்தில் பேசிச் சரிக்கட்டலாம். திரிந்துபோன ஹாலண்டேஸ் சாஸை மீட்க வேறொரு மஞ்சள் கரு வேண்டும், பேச்சு உதவாது. இது சாக்ரடீஸுக்கும் ஒரு பதில். முகஸ்துதி செய்கிறவர்கள் தங்கள் தவறை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள்.

ஆனால் சுதந்திரம் தேடி வந்தவர்களுக்கு இங்கே ஏமாற்றம்தான். பெரிய சமையலறைகளின் அடுக்குமுறையை வகுத்த எஸ்கோஃபியே 1870 போரில் ராணுவச் சமையல்காரராக இருந்தவர். மேலே செஃப், கீழே வரிசையாகப் பிரிவுத் தலைவர்கள், உதவியாளர்கள், எல்லாருக்கும் அடியில் பாத்திரம் கழுவுபவர். அந்தக் கடைசிப் படியில் பாரிஸில் வேலை செய்த ஜார்ஜ் ஆர்வெல் 1933இல் வந்த தன் நூலில் பாத்திரம் கழுவுபவரை நவீன உலகின் அடிமை என்றே கருதுகிறார். கட்டணம் கட்டிச் சமையல் பள்ளியில் சேர்ந்தவர் அர்த்தம் தேடி வந்திருக்கிறார். பாத்திரம் கழுவுபவர் சம்பளத்துக்கு வந்தவர். இருவரும் நிற்பது ஒரே ஈரத் தரையில் என்பதற்காக இதை ஒரே அனுபவம் என்று சொல்வது அநியாயம்.

பிடித்த வேலையில்தான் ஒருவருக்கு இறையழைத்தல் ஒளிந்திருக்கும் என்ற நம்பிக்கைக்கும் பாரிஸிலேயே ஒரு மறுப்பு உண்டு. போரில் காலில் காயம்பட்ட சிப்பாய் நிக்கோலா எர்மான், பிறகு ஒரு வீட்டில் ஏவலாளாக இருந்து கைபட்டதையெல்லாம் உடைத்தவர், 1640இல் கார்மேல் மடத்தில் சேர்ந்து சகோதரர் லாரன்ஸ் ஆனார். படிப்பில்லாததால் குருவாக முடியவில்லை; அடுப்படிக்கு அனுப்பினார்கள். சமையல் அவருக்கு இயல்பாகவே வெறுப்பான வேலை. 15 ஆண்டுகள் அதைச் செய்தார். பாத்திரங்களின் சத்தத்துக்கு நடுவிலும் மண்டியிட்டு ஜெபிக்கும்போது உள்ள அதே அமைதி தனக்கு இருப்பதாகச் சொன்னார். பின்னாளில் கால் நோய் காரணமாகச் செருப்புத் தைக்கும் அறைக்கு மாற்றினார்கள். ஒருவர் போய் விசாரித்தபோது, இந்த வேலையும் தனக்குப் பிடித்திருக்கிறது, முந்தையதைப் போலவே இதையும் விட்டுவிடத் தயார் என்றாராம்.