பாசறை திரும்பும் முரசு

குடியரசு நாள் விழா சனவரி 26-ஆம் நாள் அணிவகுப்போடு நிறைவெய்துவதாகவே நம்மில் பலர் எண்ணுகின்றனர். அதன் உண்மையான நிறைவு மூன்று நாட்கள் கழித்து, 29-ஆம் நாள் அந்தியில், புது தில்லி விஜய் சௌக்கில் நிகழ்கிறது. முப்படைகளின் இசைக்குழுக்கள் குடியரசுத் தலைவர் முன்னிலையில் இசைத்து நடக்கின்றன. கதிரவன் சாயும் வேளையில் கொம்பு ஊதப்படுகிறது; கொடிகள் இறக்கப்படுகின்றன; படைகள் திரும்பிச் செல்கின்றன. 1950-களில் வடிவம் பெற்ற இச்சடங்குக்கு ஆங்கிலத்தில் 'பீட்டிங் ரிட்ரீட்' என்று பெயர். தமிழ் நாளேடுகள் 'பாசறை திரும்புதல்' என எழுதுகின்றன. ஆங்கிலப் பெயரில் முரசறைதல் முன்னிற்க, தமிழ்ப் பெயரில் திரும்புதலே முன்னிற்கிறது. நாம் ஆராயப் புகுவதும் அதையே. போர்முனைக்குச் செல்வோரை முரசறைந்து அனுப்புவது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம். திரும்புவதற்கு இத்துணைச் சிறப்பு ஏன்?

ஐரோப்பியக் கோட்டைகளில் அந்தி முரசு ஒரு தேவைக்காகவே எழுந்தது. இருட்டுமுன் வீரர் உள்ளே வரவேண்டும், கதவை அடைக்கவேண்டும். கொளவாய் ஏரியின் அருகே சிதைந்து கிடக்கும் செங்கல்பட்டுக் கோட்டையைக் காண்போருக்கு இது எளிதில் விளங்கும். 1751-இல் பிரெஞ்சுக்காரரிடம் சிக்கிய அக்கோட்டையை 1752-இல் கிளைவ் கைப்பற்றினார். அதே ஆண்டில் கோவளமும் அவர் வசமாயிற்று. மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்துக் கடலில் 1782 பிப்ரவரி 17 அன்று பிரெஞ்சுக் கப்பற்படையும் ஆங்கிலக் கப்பற்படையும் மோதின. பிற்பகலில் மூண்ட போர், முடிவான வெற்றி எவருக்குமின்றி அந்தியோடு ஓய்ந்தது. இந்தக் கரையில் கதிரவன் கடலில் மறைவதில்லை. மேற்கே செங்கல்பட்டுக் குன்றுகளுக்குப் பின்னே இறங்குகிறான். இன்று அந்நேரத்தில் கோவளத்தில் மஃரிபு பாங்கு ஒலிக்கிறது. கோட்டைகள் போயின, அந்தியில் மனிதரைத் திரும்ப அழைக்கும் ஒலி மட்டும் வேறு வடிவில் நிற்கிறது.

'திரும்புதல் என்பது தோல்வியின் மறுபெயர் அன்றோ?' என ஒருவர் கேட்கலாம். சட்டநூல் ஓதியோர் இங்கே ஒரு வேறுபாட்டை அறிவர். போர்க்களத்தில் புறமுதுகு காட்டி ஓடுவதைத் திருமறை பெரும்பாவமாகக் கண்டிக்கிறது. ஆயினும் போர் உத்திக்காக விலகுவதையும், தம் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளத் திரும்புவதையும் அது விலக்கி வைக்கிறது. முன்னதை 'ஃபிரார்' என்றும், தம் கூட்டத்தோடு சேரத் திரும்புவதைத் 'தஹய்யுஸ்' என்றும் அரபு மொழி பிரித்துச் சொல்லும். கால்கள் இரண்டிலும் ஒரே திசையில்தான் செல்கின்றன. உள்ளம் செல்லும் திசையே வேறு.

ஹிஜ்ரி 8-இல் நடந்த முஃத்தா போரை எண்ணிப் பார்ப்போம். ஸைத், ஜஅஃபர், அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி) ஆகிய மூன்று தளபதிகளும் அடுத்தடுத்து வீழ்ந்தனர். கொடியை ஏந்திய காலித் (ரலி) அவர்கள், எண்ணிக்கையில் பன்மடங்கு மிகுந்த பகைவரிடமிருந்து எஞ்சிய படையைச் சேதமின்றி மீட்டு வந்தார்கள். மதீனாவில் அப்படையினரைச் சிலர் மண்ணை வாரித் தூற்றி, ஓடிவந்தோர் என்று ஏசியதாகச் சீறா நூல்கள் கூறும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களோ அப்பட்டத்தை மறுத்து, அவர்கள் மீண்டும் முன்னேறிச் செல்லக்கூடியோர் என்று தேற்றினார்கள். வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் திரும்புதல் இழிவாகத் தோன்றியது என்பதை வாசக அன்பர்கள் கவனிக்க வேண்டும். இக்காலத்திலும் போர் வேண்டும் என்று உரக்கக் கூவுவோர் பெரும்பாலும் களத்துக்கு வெகுதொலைவில் இருப்போரே.

தமிழ்ச் சான்றோரும் இதை உணராதவர் அல்லர். சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறையின் முரசுகட்டிலில் அறியாது படுத்துறங்கினார் புலவர் மோசிகீரனார். வாளால் வெட்டத் தகுந்த குற்றம் அது. வீரமுரசு நீராடச் சென்றிருந்தது; புலவர் துயிலெழும் வரை அம்மன்னன் கவரி எடுத்து வீசிக்கொண்டு நின்றான். முரசு கிடக்குமிடத்தில் ஒரு மனிதன் அயர்ந்து தூங்கலாம் என ஒப்பிய அரசனைப் பற்றியன்றோ நாம் இன்றும் பேசுகிறோம்!

இனி, தில்லி நிகழ்ச்சியைச் சூழ்ந்த ஒரு வழக்கு. ஆண்டுதோறும் அந்தியில் 'அபைட் வித் மீ' என்னும் ஆங்கிலப் பாடலின் இசை அங்கே ஒலித்துவந்தது. 1847-இல் ஹென்றி பிரான்சிஸ் லைட் எழுதியது. காந்தியடிகளுக்கு மிக உகந்தது. அவர் சுடப்பட்ட சனவரி 30-க்கு முந்தைய மாலையில் அது ஒலித்ததில் ஒரு பொருத்தம் இருந்தது. 2022-இல் அதை நீக்கி, சீனப் போரில் மாண்ட வீரருக்காகக் கவி பிரதீப் இயற்றி, 1963-இல் லதா மங்கேஷ்கர் பாடிய இரங்கற்பாட்டைச் சேர்த்தனர். இறந்தோரை நினைக்கும் அப்பாட்டைக் குறைகூற நமக்கு மனமில்லை. ஆனால், முன்னது அயல்நாட்டுச் சரக்கு என்ற வாதம் நிற்காது. நம் பள்ளிவாசல்களில் பாங்குக்கு முன் அறையும் நகரா, அரபு நக்காராவே. அதன் இனமான முரசுகளே துருக்கியர் படையிசையின் வழியாக ஐரோப்பாவை அடைந்து அங்குள்ள இராணுவ வாத்தியங்களுக்கு உருக்கொடுத்தன. ஊர் கேட்டு ஒலியை விலக்கத் தொடங்கினால் சதுக்கத்தில் எத்தனை கருவி மிஞ்சும்? ஒரு பாடலை அதன் பொருளைக் கொண்டே எடைபோட வேண்டும். நீக்கப்பட்டது, இருள் சூழ்கையில் இறைவன் துணையை வேண்டும் மன்றாட்டு. ஆயுதம் ஏந்தியவன் தன் வலிமையின் எல்லையை ஒப்புக்கொள்ளும் இடம் அது ஒன்றே. அந்த இடம் காலியானதுதான் நமக்கு வருத்தம். பாடல் எந்த மொழியில் இருந்தது என்பதன்று.

அட்டாரி–வாகா எல்லையிலும் 1959 முதல் இதே பெயரில் ஒரு சடங்கு நடந்துவருகிறது. காலை ஓங்கி உதைப்பதும் விழியை உருட்டுவதுமாக அங்கே வீம்பு மிகுதி. அந்தக் கூத்து நமக்கு ஒருபோதும் உவந்ததில்லை. ஆயினும் இறுதியில் கதவு திறக்கும். இரு தரப்பு வீரரும் கைகுலுக்குவர். இரு கொடிகளும் ஒருசேர இறங்கும். பஹல்காமில் அப்பாவிகள் கொல்லப்பட்டதை அடுத்து, 2025 ஏப்ரலில் அச்சடங்கு சுருக்கப்பட்டது. மே மாதத்தில் சில நாட்கள் நின்று, பொதுமக்களுக்கு மீண்டும் திறந்துவிடப்பட்டபோது கொடி இறங்கிற்று, கதவு திறக்கவில்லை, கைகுலுக்கலும் இல்லை. சினத்துக்குத் தக்க காரணம் இருந்தது என்பதை மறுப்பாரில்லை. எனினும், உதையையும் உருட்டலையும் வைத்துக்கொண்டு கைகுலுக்கலை மட்டும் விட்டால், அவ்வீரர்கள் எங்கிருந்து, எதற்குத் திரும்புகிறார்கள்?