முழந்தாளிடாத ஜெபம்

பெரிய வெள்ளிக்கிழமை மதியச் சடங்கில் பத்து மன்றாட்டுகள் வரும். ஒவ்வொன்றுக்கும் கருத்தைச் சொல்வார்கள், முழந்தாளிடச் சொல்வார்கள், கொஞ்ச நேரம் மௌனம், பிறகு எழுந்திருக்கச் சொல்வார்கள். சின்ன வயதில் எனக்கு அது தேகப்பயிற்சி. வெறும் வயிறு வேறு. ஆறாவது மன்றாட்டு யூத மக்களுக்காக. எங்கள் ஊர்க் கோயிலில் நின்ற யாரும் வாழ்நாளில் ஒரு யூதரைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அப்புறம் எதற்கு அவர்களுக்காக மண்டியிடுகிறோம் என்று பாட்டியிடம் கேட்டேன். "அவங்க மனசு மாறணும்னுதான்டா" என்றார். எனக்கும் அது போதுமானதாக இருந்தது.

அந்த மன்றாட்டுக்கு ஒரு வரலாறு இருக்கிறது என்பது மிகவும் பிந்தித்தான் தெரிந்தது. பழைய லத்தீன் வழிபாட்டில் திருச்சபைக்காக, போப்புக்காக, பதிதர்களுக்காக, பிற சமயத்தாருக்காக, எல்லோருக்காகவும் முழந்தாளிடுவார்கள். யூதர்களுக்கான மன்றாட்டு வரும்போது மட்டும் மாட்டார்கள். ஒன்பதாம் நூற்றாண்டு வாக்கில் தொடங்கிய வழக்கம் இது. சொல்லப்பட்ட காரணம்: யூதர்கள் இயேசுவின் முன் ஏளனமாக மண்டியிட்டார்களாம், அதனால் நாம் அவர்களுக்காக மண்டியிடக் கூடாதாம். ஆனால் நற்செய்தியைத் திறந்து பாருங்கள். முள்முடி சூட்டி, கேலியாக மண்டியிட்டவர்கள் ரோமானியப் படைவீரர்கள். ஆக, செய்யாத குற்றத்துக்கு ஆயிரம் ஆண்டு தண்டனை, அதுவும் ஜெபத்துக்குள்ளேயே. 1955இல்தான் பன்னிரண்டாம் பயஸ் முழந்தாளிடுதலைத் திரும்பக் கொண்டுவந்தார். 1959இல் இருபத்து மூன்றாம் யோவான் 'நம்பிக்கைத் துரோகிகளான' என்ற பொருள் தொனிக்கும் அடைமொழியை நீக்கினார். 1970இல் மன்றாட்டே புதிதாக எழுதப்பட்டது.

ஒரு ஜெபத்தில் முழங்கால் மடிவதும் மடியாததும் அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்கலாம். அந்த முழங்காலுக்குப் பின்னால் கிறிஸ்தவ இறையியலின் மிகப் பழைய சச்சரவு நிற்கிறது. இயேசு எல்லாருக்கும் மீட்பர் என்றால், அவரை ஏற்காத யூதர்களின் கதி என்ன? கடவுள் ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்கு நிலையானது என்றால், அந்த வாக்கு இன்றைய யூதர்களுக்கும் செல்லும்தானே? முதல் கேள்விக்கு வழக்கமான பதிலைச் சொன்னால் இரண்டாவது உடைகிறது. இரண்டாவதைக் காப்பாற்றினால் முதலாவது ஆட்டம் காண்கிறது.

இந்தக் குழப்பத்தை முதலில் உணர்ந்தவர் பவுல். ஏறத்தாழ கி.பி. 57இல் ரோமாபுரியில் இருந்தவர்களுக்கு எழுதிய கடிதத்தில், ஒன்பது முதல் பதினொன்று வரையான மூன்று அதிகாரங்கள் முழுக்க இதே தவிப்புதான். அவரே யூதர். தன் சொந்த சனம் தான் கண்டதைக் காணவில்லையே என்ற வலி அதில் இருக்கிறது. கடவுள் தம் மக்களைக் கைவிட்டாரா என்று கேட்டு, இல்லவே இல்லை என்கிறார். பிறகு ஒலிவ மரத்தை உவமையாக எடுக்கிறார். சில கிளைகள் முறிக்கப்பட்டன, காட்டு ஒலிவக் கிளையாகிய நீ அங்கே ஒட்டவைக்கப்பட்டாய், அதனால் பெருமை பேசாதே, வேரை நீ தாங்கவில்லை, வேர்தான் உன்னைத் தாங்குகிறது என்று யூதரல்லாத கிறிஸ்தவர்களை எச்சரிக்கிறார். கடைசியில் இஸ்ரயேல் முழுவதும் மீட்கப்படும் என்கிறார்.

அந்த 'முழுவதும்' என்ற சொல்லில்தான் சண்டை. கால்வினுக்கு அது யூதரும் மற்றவரும் சேர்ந்த இறைமக்கள் கூட்டம். இன்று என். டி. ரைட் போன்றவர்களும் ஏறக்குறைய அப்படித்தான் வாசிக்கிறார்கள். வேறு பலருக்கு அது காலத்தின் முடிவில் யூத இனம் கிறிஸ்துவிடம் திரும்பும் நாள். சுவீடன் நாட்டு இறையியலாளர் கிறிஸ்டர் ஸ்டென்டால் இன்னொன்றைக் கவனித்தார்: அந்த அதிகாரத்தின் இறுதிப் பகுதியில் பவுல் இயேசுவின் பெயரையே எடுக்கவில்லை. யூதர்களின் மீட்பைக் கடவுளின் கையிலேயே அவர் விட்டுவிட்டாரோ? ஒரே கடிதம், ஒரே வரி, எத்தனை திசை!

பவுலின் எச்சரிக்கை சீக்கிரமே மறந்துபோனது. இரண்டாம் நூற்றாண்டில் மார்சியன் என்பவர் யூத வேதத்தையே தூக்கிப் போட்டுவிடலாம் என்றபோது திருச்சபை அவரை வெளியேற்றியது. நல்லது. ஆனால் புத்தகத்தை வைத்துக்கொண்டவர்கள் புத்தகத்துக்குரிய மக்களைத் தள்ளிவிட்டார்கள். அதே நூற்றாண்டில் சர்தை நகரத்து மெலித்தோ, இஸ்ரயேல் கடவுளையே கொன்றது என்று பிரசங்கித்தார். அந்தியோக்கியாவில் 386, 387ஆம் ஆண்டுகளில் யோவான் கிறிசோஸ்தோம் யூதர்களைக் கடுமையாக ஏசிப் பிரசங்கங்கள் செய்தார். அவருடைய உடனடிக் கவலை யூதர்கள்கூட இல்லை, யூதத் திருவிழாக்களுக்குச் சந்தோஷமாகப் போய்வந்துகொண்டிருந்த தன் சபையாட்கள்! சாதாரண சனம் அன்றைக்கு ஒன்றாகத்தான் இருந்திருக்கிறது.

அகஸ்டின் சற்று மாறுபட்டார். யூதர்களைக் கொல்லாதீர்கள், நம் வேதம் பழமையானது என்பதற்கு அவர்கள்தான் சாட்சி என்றார். அந்தக் கருத்து ஐரோப்பாவில் பல உயிர்களைக் காத்தது உண்மை. ஆனால் அது அவர்களுக்கு ஒதுக்கிய இடம், தானே வாசித்துப் புரிந்துகொள்ளாத புத்தகத்தை இன்னொருவருக்காகச் சுமந்து திரியும் வேலைக்காரனின் இடம். ஸ்ட்ராஸ்பூர்க் பேராலயத்தின் தெற்கு வாசலில் சுமார் 1230இல் வைத்த இரண்டு பெண் சிலைகள் இதையே கல்லில் சொல்கின்றன. கிரீடம் சூடி நிமிர்ந்து நிற்பவள் திருச்சபை. கண்கள் கட்டப்பட்டு, ஈட்டி முறிந்து, தலை குனிந்தவள் யூதத் தொழுகைக்கூடம். கொடுமை என்னவென்றால், இரண்டு பேரில் அழகாகச் செதுக்கப்பட்டவள் அவள்தான் என்று எனக்குத் தோன்றும்.

எல்லாவற்றையும்விட என்னை அதிகம் தொந்தரவு செய்வது மார்ட்டின் லூத்தரின் கதை. 1523இல் இயேசு யூதராகப் பிறந்தவர் என்று ஒரு சிறுநூல் எழுதினார். யூதர்களை அன்பாக நடத்துங்கள், நாயைப் போல நடத்தினால் எப்படி நம்மிடம் வருவார்கள் என்கிற தொனி அதில். இருபது ஆண்டு கழிந்தது. அவர்கள் வரவில்லை. 1543இல் அதே கை, தொழுகைக்கூடங்களைக் கொளுத்தச் சொல்லி எழுதியது. வயசாகிவிட்டது, உடம்பு சரியில்லை என்றெல்லாம் சமாதானம் சொல்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. முதல் நூலிலேயே ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: நீ என்னைப் போல ஆகிவிடுவாய் என்பதற்காக உன்னை நேசிக்கிறேன். ஆகவில்லையென்றால்? ஆகவில்லையென்றால் என்ன நடக்கும் என்பதுதான் இரண்டாவது நூல். பாட்டி சொன்ன பதில் ஏன் பின்னாளில் எனக்குப் போதாமல் போனது என்பதற்கு இதுதான் காரணம். அவர் யாரையும் வெறுத்தவர் அல்ல. ஆனால் 'மனசு மாறணும்' என்ற ஆசை, மாறாதபோது என்னவாகும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இந்தக் கேள்வியை வத்திக்கானின் வாசலுக்குக் கொண்டுபோனவர் ஒரு யூதர். ஜூல் ஐசக், பிரான்சு நாட்டுப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் படித்த வரலாற்றுப் பாடநூல்களின் ஆசிரியர். மனைவியையும் மகளையும் ஆஷ்விட்ஸில் இழந்தவர். கிறிஸ்தவ ஐரோப்பாவில் இது எப்படி நடந்தது என்று கேட்டு, விடையைக் கிறிஸ்தவப் போதனைக்குள்ளேயே தேடினார். இகழ்ச்சியைக் கற்பித்திருக்கிறீர்கள் என்பது அவர் கண்ட முடிவு. 1960 ஜூனில், எண்பது வயதைத் தாண்டிய நிலையில், போப் இருபத்து மூன்றாம் யோவானைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பு போன வழியில்தான் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 1965ஆம் ஆண்டு அறிக்கை, 'நோஸ்த்ரா எத்தாத்தே', பிறந்தது.

அது சுலபமாகப் பிறக்கவில்லை. 1964இல் வந்த ஒரு வரைவு, யூதர்கள் ஒருநாள் திருச்சபையில் இணைவார்கள் என்ற எதிர்பார்ப்பைச் சொன்னது. ரபி ஆபிரகாம் ஜோசுவா ஹெஷல் கொதித்துப்போனார். வார்சாவில் பிறந்து, தாயையும் சகோதரிகளையும் நாஜிகளிடம் இழந்தவர் அவர். மதமாற்றமா மரணமா என்றால் ஆஷ்விட்ஸுக்கே போகத் தயார் என்று அறிவித்தார். வெறும் கோபமாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. எல்லா யூதரும் கிறிஸ்தவராகிவிட்டால் அப்புறம் உலகத்தில் யூதர் என்று யாரும் இருக்க மாட்டார்கள் அல்லவா? ஒருவருடைய மீட்பு என்பது அவர் இல்லாமல் போவதா? இறுதி வாக்கெடுப்பில் 2221 பேர் ஆதரித்தார்கள், 88 பேர் எதிர்த்தார்கள். யேசுவின் சாவுக்கு அன்றைய யூதர் எல்லாரையும், இன்றைய யூதரையும் பொறுப்பாக்க முடியாது என்றது அறிக்கை. எல்லா மக்களும் ஒன்றாகும் நாளைக் கடவுள் ஒருவரே அறிவார் என்பதோடு நிறுத்திக்கொண்டது.

அத்துடன் சச்சரவு முடிந்ததா என்றால், இல்லை. 1980இல் இரண்டாம் யோவான் பால் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் யூதத் தலைவர்களிடம், கடவுள் தம் பழைய உடன்படிக்கையை ஒருபோதும் ரத்து செய்யவில்லை என்ற பொருளில் பேசினார். ரத்தாகவில்லை என்றால் அவர்களுக்கு நற்செய்தி சொல்லத் தேவையே இல்லையா? 2002இல் அமெரிக்கக் கத்தோலிக்க அறிஞர் குழு ஒன்று, யூதர்களை மதம் மாற்ற முனைவது இனி ஏற்கத்தக்கதல்ல என்றது. கர்தினால் ஏவரி டல்லஸ் அதைக் கடுமையாக மறுத்தார். 2008இல் பதினாறாம் பெனடிக்ட், பழைய லத்தீன் வழிபாட்டுக்காகப் புதிதாக எழுதிய மன்றாட்டில் யூதர்கள் கிறிஸ்துவை மீட்பராக அறிந்துகொள்ள வேண்டும் என்ற கருத்து திரும்பி வந்தது. மறுபடி வருத்தம்.

எதிர்த்தரப்பு சொல்வதையும் நியாயமாகக் கேட்க வேண்டும். 1989இல் எவஞ்சலிக்கல் இறையியலாளர்கள் வெளியிட்ட வில்லோபேங்க் பிரகடனம், யூதர்களுக்கு மட்டும் நற்செய்தியைச் சொல்லாமல் விடுவதே பாரபட்சம் என்கிறது. அதில் வலு உண்டு. பேதுரு யூதர், பவுல் யூதர், முதல் சபையே யூதர்களால் ஆனது. இயேசு பிறந்த சனத்துக்கு மட்டும் இயேசு தேவையில்லை என்று சொன்னால், அவர்கள் செய்தது எல்லாம் எதற்கு? இரண்டு தனிப் பாதைகள் என்பது மரியாதையாகத் தோன்றினாலும், கிறிஸ்தவ நம்பிக்கையின் நடுத்தூணை உருவிவிடுகிறது.

ஃபிரான்ஸ் ரோசன்ஸ்வைக் கிறிஸ்தவராகும் முடிவில் இருந்த ஜெர்மானிய யூதர். 1913இல் மனம் மாறி யூதராகவே இருந்துவிட்டார். உறவினர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் அவர் சொன்ன காரணத்தின் சாரம் இது: இயேசு வழியாக அல்லாமல் யாரும் தந்தையிடம் போய்ச் சேர முடியாது என்பது சரிதான், ஆனால் ஏற்கெனவே தந்தையின் வீட்டில் இருப்பவன் எதற்குப் போய்ச் சேர வேண்டும்?

இதற்கிடையில் இன்னொரு குரல் பெரும்பாலும் நம் காதில் விழுவதில்லை. பாலஸ்தீன ஆங்கிலிக்கன் குருவான நயிம் அத்தீக், 1948இல் பதினொரு வயதில் குடும்பத்தோடு சொந்த ஊரான பெய்சானிலிருந்து வெளியேற்றப்பட்டவர். வாக்குறுதி நிலையானது என்று ஐரோப்பியர்கள் குற்ற உணர்வோடு சொல்லும்போது, அந்த வாக்குறுதி என் வீட்டின் மேல் எழுதப்பட்டிருக்கிறதே என்பது அவரைப் போன்றவர்களின் கேள்வி. பாலஸ்தீனக் கிறிஸ்தவர்கள் பலருக்குப் பழைய ஏற்பாட்டை வாசிப்பதே கடினமாகிப்போனதை அவர் எழுதியிருக்கிறார். இன்னொரு பக்கம் இஸ்ரேலை உரக்க ஆதரிக்கும் சில அமெரிக்கச் சபைகளில், யூதர்கள் கடைசிக்கால நாடகத்தில் காய்கள். காய் நகர்ந்து முடிந்ததும் அவர்கள் என்ன ஆவார்கள் என்று கேட்டால் பதில் அவ்வளவு இனிமையாக இருக்காது.

பகைவன், சாட்சி, வேலைக்காரன், கடைசிக்கால அடையாளம். எத்தனை இடங்கள் கொடுத்திருக்கிறார்கள் பாருங்கள். எல்லாமே வேறொருவர் எழுதிய கதையில் இவர்களுக்கான பாத்திரங்கள்.

என் நிலைப்பாட்டை ஒளிக்கவில்லை. யூதர்களின் தவறால் கடவுள் வாக்கை மாற்றிக்கொண்டார் என்றால், தவறுகள் கணக்கில் அவர்களுக்குச் சற்றும் குறையாத திருச்சபைக்குக் கொடுத்த வாக்குக்கு என்ன உத்தரவாதம்? மாற்றீட்டு இறையியல் என்பது நுனிக்கிளையில் உட்கார்ந்துகொண்டு அடிமரத்தை வெட்டுவது. பவுல் ஒலிவ மரத்தைச் சொன்னது அதற்காகத்தான். அதே சமயம், வாக்கு நிலைத்திருக்கிறது என்பதால் ஒரு அரசு செய்வதெல்லாம் சரியாகிவிடாது. தேர்ந்துகொள்ளப்பட்டவர்கள் கூடுதல் கணக்குக் கொடுக்க வேண்டியவர்கள் என்று சொன்னவர் இஸ்ரயேலின் சொந்த இறைவாக்கினர் ஆமோஸ்தான்.

2015 டிசம்பரில் வத்திக்கான் ஆணையம் ஒன்று வெளியிட்ட ஆவணம், மீட்புக்கு இரண்டு இணைப்பாதைகள் இல்லை என்கிறது. யூதர்கள் மீட்பிலிருந்து விலக்கப்பட்டவர்கள் அல்ல என்றும் சொல்கிறது. அவர்களை மதம் மாற்றத் தனி நிறுவன முயற்சி எதையும் திருச்சபை நடத்தாது என்கிறது. இது எல்லாம் எப்படிப் பொருந்தும் என்றால், அது கடவுளின் மறைபொருள் என்று முடிக்கிறது. நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "இது நழுவுறதுதானே?" என்றார். ஆமாம், தர்க்கப்படி நழுவல்தான். ஆனால் எல்லாம் தெரிந்தவர்களாக இருந்த நூற்றாண்டுகளில் நாங்கள் என்ன செய்தோம் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. தெரியாது என்று சொன்ன பிறகு யாரும் எந்தத் தொழுகைக்கூடத்தையும் கொளுத்தக் கிளம்ப முடியாது.

நின்றுகொண்டு ஒருவருக்காக ஜெபித்தால் நான் மேலே, அவர் கீழே. மண்டியிட்டு ஜெபித்தால் எனக்கும் அதே தேவை இருக்கிறது என்று என் உடம்பே ஒப்புக்கொள்கிறது. ஆறாவது மன்றாட்டின் இன்றைய வடிவம், கடவுள் முதலில் பேசிய அந்த மக்கள் அவருடைய உடன்படிக்கையில் உண்மையாய் இருந்து வளர வேண்டும் என்ற கருத்தில் தொடங்குகிறது. பாட்டி இறந்து பல வருடம் ஆகிறது. இப்போதும் பெரிய வெள்ளிக்குப் போகிறேன். ஆறாவது மன்றாட்டு வரும்போது அவர்கள் மனம் மாற வேண்டும் என்று கேட்பதில்லை. முட்டி வலிக்க வலிக்க, கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறேன்.